நோவும் மொழியும்

நாங்கள் பேராதனையில் மருத்துவம் பயின்ற காலத்தில் அவசர மருத்துவம் என்றொரு தனித்துறையைப் பற்றி அதிகம் அறிந்திருக்கவில்லை. பொது மருத்துவம், சத்திரசிகிச்சை, மகப்பேறு, குழந்தை மருத்துவம் என்று விடுதிகள் பிரிந்திருந்தன. இன்று எந்த விடுதிக்குக் 'கசுவல்ற்றி' என்பதே எங்களுடைய கேள்வியாக இருந்தது. வாயிலில் வந்திறங்கும் நோயாளர் ஒரு துண்டுச் சீட்டுடன் நேரே அன்றைய விடுதிக்குப் போவார். அங்கு அவருக்கு முன்னரே வந்த அறுபது பேர் கட்டிலிலும் கட்டிலுக்குக் கீழும் கிடப்பர். எல்லோரையும் ஒரு கண்ணோட்டம் விட்டு, இவரை முதலில் பார் என்று சொல்வதற்கு ஓர் அனுபவம் மிக்க தாதியின் கண்தான் இருந்தது. அந்தக் கண் பெரும்பாலும் பிழைபட்டதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உலகிலும் இது பழைய துறை அன்று. பிரித்தானியாவில் லீட்ஸ் நகரத்து வைத்தியசாலையில் 1952ஆம் ஆண்டு மொரிஸ் எலிஸ் என்பவர் விபத்துப் பிரிவுக்கெனவே விசேட வைத்தியராக நியமனம் பெற்றார். அமெரிக்காவில் இத்துறைக்கான முதலாவது வதிவிடப் பயிற்சி 1970இல் சின்சினாற்றியில் ஆரம்பமாயிற்று. எமது நாட்டில் இதற்கான எம்.டி. பயிற்சி 2010களிலேயே தொடங்கியது. அப்பயிற்சியின் பரீட்சைகளைக் கடந்தவர்கள், விசேட வைத்தியராக ஏற்றுக்கொள்ளப்படுவதற்கு முன் வெளிநாடொன்றில் ஓராண்டு பணியாற்ற வேண்டும் என்பது விதி. அவ்விதியே என்னை 2023ஆம் ஆண்டு கிழக்கு இலண்டனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இலண்டன் என்றதும் எம்மவர் மனத்தில் எழும் காட்சி வேறு. கிழக்கு இலண்டன் வேறு. துறைமுகத்தை அண்டிப் பல தலைமுறைகளாக வந்தேறிகள் இறங்கிய பகுதி அது. 2021ஆம் ஆண்டுக் குடித்தொகை மதிப்பின்படி இலண்டன்வாசிகள் பத்துப் பேரில் நால்வர் பிரித்தானியாவுக்கு வெளியே பிறந்தவர்கள். அந்நகரின் ரவர் ஹம்லெற்ஸ் என்னும் பிரிவில் மட்டும் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் வங்காளதேசத்து வம்சாவளியினர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சில்ஹெற் மாவட்டத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். இன்னும் கிழக்கே ஈஸ்ற்ஹாம் பக்கம் போனால் எங்களுடைய கடைகள், எங்களுடைய கோயில், எங்களுடைய சண்டைகள் எல்லாம் உண்டு. அந்த மக்கள் அனைவரும் நள்ளிரவில் ஒரே மண்டபத்தில் ஒரே நிறப் பிளாஸ்ரிக் நாற்காலிகளில் அமர்ந்திருப்பர். சோமாலியக் கிழவர், றுமேனியக் கட்டடத் தொழிலாளி, கத்திக்குத்துக்கு உள்ளான பதினேழு வயதுப் பையன், வெறியில் பாடிக்கொண்டிருக்கும் ஆங்கிலேயர் எனப் பலர்.

அம்மண்டபத்தில் முதலில் நடைபெறுவது தரம்பிரித்தல். 'திரியாஜ்' என்னும் பிரெஞ்சுச் சொல் ஆதியில் கம்பளி, கோப்பி முதலியவற்றைத் தரம்பிரித்தலைக் குறித்தது என்பர். நெப்போலியனின் படையில் சத்திரசிகிச்சையாளராக இருந்த லறே, காயம்பட்டவரின் பதவியையோ நாட்டையோ பாராமல் காயத்தின் கடுமையையே பார்த்து முறை வகுத்தார். இன்று பிரித்தானிய வைத்தியசாலைகள் பலவற்றில் மன்செஸ்ரர் முறை கையாளப்படுகிறது. சிவப்பு எனின் உடனே. செம்மஞ்சள் எனின் 10 நிமிடத்துள். மஞ்சள் ஒரு மணி, பச்சை இரண்டு மணி, நீலம் நான்கு மணி. தாதி ஒருவர் சில நிமிடங்களில் நிறத்தைத் தீர்மானிக்கிறார். அந்தச் சில நிமிடங்களும் பேச்சிலேயே கழிகின்றன என்பதை நான் அங்கு போன பின்னரே உணர்ந்தேன். நாடித்துடிப்பையும் குருதியமுக்கத்தையும் கருவி சொல்லிவிடும். என்ன செய்கிறது என்பதை நோயாளர்தான் சொல்ல வேண்டும்.

பயிற்சியின் முறையைப் பற்றிச் சிறிது சொல்லுகிறேன். ஏனைய துறைகளில் 'இவருக்கு என்ன நோய்?' என்பது கேள்வி. எங்களுக்கோ 'இவர் அடுத்த பத்து நிமிடத்துள் இறந்துவிடுவாரா?' என்பது முதற் கேள்வி. நோயின் பெயர் பிறகு வரும். சுவாசப்பாதை, சுவாசம், குருதிச் சுற்றோட்டம் என்னும் ஒழுங்கு கைக்குப் பழகிப்போகும்வரை பொம்மைகளில் பழக்குவார்கள். இவை கடினமானவையல்ல. எவரை வீட்டுக்கு அனுப்பலாம் என்ற முடிவே கடினமானது. என் மேற்பார்வையாளரான அம்மையார், பயிலுநர் எவர் நோயாளரொருவரை வீட்டுக்கு அனுப்ப வந்து கேட்டாலும், "இவர் நாளை காலை திரும்பி வந்தால் எந்த நோயுடன் வருவார்?" என்று கேட்பார். பதில் இல்லாதவர் கட்டிலடிக்குத் திரும்பிப் போக வேண்டும்.

இதனோடு நான்கு மணித்தியால விதியும் உண்டு. வருபவர் நான்கு மணிக்குள் வீடு செல்லவோ விடுதி செல்லவோ வேண்டும். 2004இல் இவ்விதி முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது 98 வீதமானோருக்கு இது நிறைவேற வேண்டும் என்றனர். 2010இல் அதனை 95 வீதமாகக் குறைத்தனர். 2015க்குப் பின்னர் இங்கிலாந்து முழுவதையும் எடுத்து நோக்கின் அந்த 95 வீதமும் எட்டப்படவில்லை. மேல்மாடியில் கட்டில் இல்லாமையால் தள்ளுகட்டில்கள் நடைவழியில் வரிசையாக நின்றன. கட்டிலுக்குக் கீழே எவரும் கிடக்கவில்லை என்பதைத் தவிர, எங்கள் நாட்டு விடுதியிலிருந்து அக்காட்சி அதிகம் வேறுபட்டதாக எனக்குத் தோன்றவில்லை. செல்வ நாட்டிலும் இப்படியா என்று வியந்ததைக் காட்டிலும், ஓர் அற்பத்தனமான ஆறுதலே எனக்கு ஏற்பட்டது.

மொழிக்கு வருகிறேன். அங்கு ஒவ்வொரு கட்டிலடிக்கும் தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளரை அழைக்கலாம். இச்சேவையின் வரலாறு சுவையானது. கிழக்கு இலண்டனின் குடும்ப வாழ்வை ஆராய்ந்த சமூகவியலாளரும், திறந்த பல்கலைக்கழகம் என்னும் எண்ணத்தின் மூலவர்களுள் ஒருவருமான மைக்கேல் யங் என்பவர் 1990இல் இதனைத் தொடக்கினார். தாயின் நோயைப் பத்து வயது மகன் மொழிபெயர்க்கும் நிலை அங்கு முன்னர் சாதாரணம். தாயின் இரத்தப்போக்கைப் பற்றி மகன் என்ன சொல்வான்? தாய்தான் அவனிடம் என்ன சொல்வாள்? இப்பொழுது பிள்ளையை மொழிபெயர்ப்பாளராகக் கொள்ளலாகாது என்று கண்டிப்பாகக் கற்பிக்கிறார்கள்.

முதல் வாரத்தில் ஒரு சில்ஹெற்றி மூதாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு "பிஷ், பிஷ்" என்று அரற்றினார். பூச்சிகொல்லி அருந்தியோரையும் அலரிவிதை உண்டோரையும் பார்த்துப் பழகிய இலங்கை வைத்தியனின் காதில் அது வேறெவ்வாறு விழும்? தொலைபேசியில் வந்த மொழிபெயர்ப்பாளர் விளக்கினார்: சில்ஹெற்றியில் 'பிஷ்' என்றால் நோவு. எங்கள் 'விஷ'மும் அவர்களுடைய 'பிஷ்'ஷும் ஒரே வேரில் முளைத்தவைதாம். கிளை மட்டும் வேறு பக்கம் போய்விட்டது. அன்று தொடங்கி ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தில் நோவுக்கான சொற்களை எழுதி வந்தேன். சோமாலியில் ஹனூன். போலிஷில் பொலி. றுமேனியத்தில் துவாரே. சொல்லைக் கற்றதனால் நோயறிந்துவிட்டேன் என்றில்லை. ஆனால் அந்தச் சொல்லை என் வாயிலிருந்து கேட்டதும் நோயாளர் என் முகத்தைப் பார்த்தார்.

இனி, தமிழின் கதை. மார்கழி மாதத்து இரவொன்றில் எழுபது வயதைக் கடந்த தமிழ் அம்மையார் ஒருவரை மகள் கூட்டிவந்திருந்தார். மகள் வண்டியை நிறுத்த இடந்தேடிப் போன வேளையில் தாதி தாயை விசாரித்திருக்கிறார். தொலைபேசியில் கிடைத்த மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்பதைப் பின்னர் அறிந்தேன். "நெஞ்சு நோகுதா?" "இல்லை." "வேறு என்ன செய்கிறது?" "அந்தரமாக் கிடக்கு." மொழிபெயர்ப்பாளர் சிறிது திகைத்து, அந்தரத்தில் மிதப்பது போலிருக்கிறதாம், பதற்றமாம், என்று சொல்லியிருக்கிறார். தாதி 'பதற்றம், மயக்க உணர்வு. நெஞ்சுநோ இல்லை' என்று எழுதிப் பச்சை நிறம் கொடுத்துவிட்டார். இருவரையும் நான் குறை சொல்லமாட்டேன். கேட்ட சொல்லுக்கு அவரவர் அறிந்த பொருளைக் கொடுத்தனர்.

யாழ்ப்பாணத்துப் பெண்கள் எப்பொழுது 'அந்தரம்' என்பார்கள் என்பதை இதனை வாசிக்கும் பலர் அறிவீர்கள். அது வெறும் பதற்றம் அன்று. இருக்கவும் முடியாமல் எழும்பவும் முடியாமல், ஏதோ நேரப்போகிறது என்று உடம்பே சொல்லும் நிலை. நான் திரைச்சீலைக்கு இப்பால் வேறொருவரின் கையைத் தைத்துக்கொண்டிருந்தேன். அப்பால், "என்ர பிள்ளையைக் கூப்பிடுங்கோ, எனக்கு ஏலாமக் கிடக்கு" என்ற குரல் கேட்டது. தையலை முடித்துவிட்டு எட்டிப் பார்த்தேன். நெற்றி நனைந்திருந்தது. கை குளிர்ந்திருந்தது.

"அம்மா, எங்கை செய்யுது?"

"ஒரு இடமும் நோகேல்லைத் தம்பி. நெஞ்சுக்கை அந்தரமாக் கிடக்கு. வாய்வாயிருக்கும். நீர் உம்மடை வேலையைப் பாரும்."

நீரிழிவு இருக்கிறதா என்று கேட்டேன். இருபது வருடமாக என்றார். நீண்டகால நீரிழிவு நரம்புகளைத் தாக்குவதால் மாரடைப்பில் நோவே தோன்றாமற் போவதுண்டு. முதியவர்களில், குறிப்பாகப் பெண்களில், வியர்வையும் குமட்டலும் களைப்புமே அறிகுறிகளாக வரலாம். தென்னாசிய வம்சத்தவருக்கு இதயநோய் மற்றவர்களைவிட இளவயதிலேயே வருகிறது என்பதும் பாடநூல் அறிந்த செய்திதான். ஈ.சி.ஜி. எடுத்தோம். இதயத்தின் கீழ்ச்சுவரில் அடைப்பு என்பதற்கான மேடு தெளிவாக எழுந்து நின்றது. வலப்பக்கத்துக்கும் மின்வாய்களை மாற்றி எடுத்தோம். குருதியமுக்கம் இறங்கிக்கொண்டிருந்தமையால், வழக்கமாக நாவின் கீழ் விசிறும் மருந்தைத் தவிர்த்து, அஸ்பிரினும் நாளத்தினூடே சிறிது திரவமும் கொடுத்தோம். அடைப்பை நீக்கும் வசதியுள்ள இதய நிலையத்துக்கு நீலவிளக்கு எரிய வண்டி புறப்பட்டது. மகள் வண்டி நிறுத்திய பற்றுச்சீட்டைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார்.

அந்த அம்மையாருக்குப் பிறகு என்னவாயிற்று என்று எனக்குத் தெரியாது. கதையின் நடுவில் சில பக்கங்களைக் கிழித்துக் கையில் தருவது போன்றது எங்கள் துறை. எங்கள் வாயிலைக் கடக்கும்போது அவர் உயிருடனும், "தம்பி சாப்பிட்டிட்டீரோ?" என்று கேட்கும் நினைவுடனும் இருந்தார் என்பது மட்டும் தெரியும்.

இந்நிகழ்ச்சிக்குப் பின்னர் தமிழ் நோயாளர் எவர் வந்தாலும் என்னை அழைக்கத் தொடங்கினர். முதலில் பெருமையாக இருந்தது, பின்னர் சங்கடமாயிற்று. ஊரைக் கேட்டு, பாடசாலையைக் கேட்டு, ஈற்றில் யாரோ ஓர் உறவினரைக் கண்டுபிடித்து, நோயைத் தவிர ஏனையவற்றையெல்லாம் பேசினர். கணவனின் அடியால் வந்த காயத்தை விழுந்ததாகச் சொன்ன பெண்ணொருத்தி, முகமறியாத மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லக்கூடியதை ஊரவனான என்னிடம் சொல்லமாட்டாள் என்பதை அங்கிருந்த தாதியொருவரே விளங்கி என்னை வெளியே அனுப்பினார். மொழி தெரிந்தவன் எப்போதும் நல்ல செவியாவதில்லை.

மரணத்தை அறிவிப்பதும் அவ்வாறே. 'போய்விட்டார்', 'எங்களை விட்டுப் பிரிந்தார்' என்றெல்லாம் சுற்றி வளைக்காமல் 'இறந்துவிட்டார்' என்ற சொல்லையே சொல்ல வேண்டும் என்று அங்கு பயிற்றுகின்றனர். ஆங்கிலத்தில் அதனை நான் பழகிக்கொண்டேன். தொலைபேசியை ஒலிபெருக்கியில் வைத்து ஒரு சோமாலியத் தந்தைக்கு அவருடைய மகனின் மரணத்தைச் சொன்ன இரவிலும் அந்தச் சொல்லையே சொன்னேன். மறுமுனையில் மொழிபெயர்ப்பாளர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டே அதனை அவருடைய மொழியிற் சொன்னார். தமிழ்க் குடும்பமொன்றின் முன் நின்றபோது மட்டும் அச்சொல் என் நாவில் ஏறவில்லை. 'மோசம் போய்விட்டார்' என்றே வாய் சொல்லிற்று. அவர்களுக்கு அது உடனே விளங்கியது. பயிற்சி சரியா, வாய் சரியா என்பது இன்றும் எனக்குத் தீராத வழக்கு.

தோலின் நிறமும் அங்கு ஒரு மொழியாக இருந்தது. விரல்நுனியில் மாட்டி ஒட்சிசனை அளக்கும் கருவி கருநிறத் தோலில் உண்மையிலும் உயர்ந்த அளவைக் காட்டக்கூடும் என்பதை 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. மறைந்திருந்த ஒட்சிசன் குறைவு வெள்ளையரிலும் கறுப்பரில் ஏறத்தாழ மூன்று மடங்கு தவறவிடப்பட்டதாம். அதே ஆண்டில் இலண்டன் சென் ஜோர்ஜ் மருத்துவக் கல்லூரி மாணவர் மலோன் முக்வென்டே, கரிய தோலில் நோய்க்குறிகள் எவ்வாறு தோன்றும் என்பதைப் படங்களுடன் காட்டும் கைநூலை இரு விரிவுரையாளருடன் சேர்ந்து வெளியிட்டார். அதனைப் புரட்டியபோது ஒன்று உறைத்தது. எங்கள் பாடநூல்களிலும் செந்தடிப்பு என்றால் வெள்ளைத் தோலின் படமே இருந்தது. கரிய தோலுடையவர்களே கற்று, கரிய தோலுடையோருக்கே வைத்தியம் செய்யும் நாட்டில் அதனை ஒருவரும் கேட்டதில்லை. அரிவாட்கல நோயாளரின் நிலை இதனிலும் கொடியது. வந்து 30 நிமிடத்துள் நோவுக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்பது அங்கு வழிகாட்டல். ஆயினும் கறுப்பின இளைஞன் மோர்பினைப் பெயர் சொல்லிக் கேட்டால் சில முகங்களில் சந்தேகம் படர்வதை நான் கண்டிருக்கிறேன்.

நாங்கள் கொண்டுபோனதும் சிறிது உண்டு. நஞ்சு உட்கொண்டவரைக் கையாளுவதில் இலங்கைப் பயிலுநருக்கு இருந்த நிதானத்தை அங்கு மதித்தனர். அதைவிட, எமது நாடு கொடிய பூச்சிகொல்லிகளை 1995 முதல் படிப்படியாகத் தடைசெய்ததனால் தற்கொலை வீதம் இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 70 வீதத்தால் குறைந்தது என்ற செய்தியை ஒரு கருத்தரங்கில் நான் சொன்னபோது மண்டபம் அமைதியாயிற்று. பிரித்தானியாவும் 1998இல் பரசிற்றமோல் பொதியிலுள்ள வில்லைகளின் எண்ணிக்கையைக் குறைத்து உயிர்களைக் காத்தது. வைத்தியரின் கையைவிடச் சட்டப் புத்தகத்தின் ஒரு வரி அதிக உயிர்களைக் காப்பாற்றிவிடுகிறது என்று ஒருவர் சொன்னார். எனக்குச் சற்றுப் பொறாமையாகத்தான் இருந்தது.

ஆண்டின் இறுதியில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "திரும்பிப் போகிறாயா?" 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் எத்தனை வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போயினர் என்பதை வாசகர் அறிவர். என்னோடு பயின்றவர்களிற் சிலர் அங்கேயே தங்கினர். அவர்களுடைய கணக்குகளை நான் அறிவேன், அவற்றிற் பிழை காணமாட்டேன். நான் திரும்பியதற்குக் கையொப்பமிட்ட பிணைமுறியும் ஒரு காரணம், வயதான தாயாரும் ஒரு காரணம். நாட்டுப்பற்று என்று எழுதினால் என்னை அறிந்தவர்கள் சிரிப்பார்கள்.

இப்போது மலையகத்து நகரமொன்றின் வைத்தியசாலையில் பணி. வருவோரிற் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். தாதியர் பெரும்பாலும் சிங்களம் மட்டும் அறிந்தோர். 1987, 1988ஆம் ஆண்டுகளின் யாப்புத் திருத்தங்களால் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. எனினும் சில்ஹெற்றி மூதாட்டிக்கு அந்நிய நாட்டில் கிடைத்த மொழிபெயர்ப்பாளர், இங்கு பிறந்து இங்கேயே கொழுந்து பறித்து முதிர்ந்த பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. அவளுடைய நோயை அடுத்த கட்டிலில் கிடக்கும் இன்னொரு நோயாளியோ, தரை துடைக்கும் சிற்றூழியரோ சிங்களத்தில் சொல்கிறார். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் சொல்கிறாள். இதற்குப் பணம் இல்லை என்ற விடையை நான் ஏற்கமாட்டேன்; தொலைபேசி எல்லார் கையிலும் இருக்கிறது.

ஆகவே தாதியர் சிலருடன் சேர்ந்து ஒரு தாளைத் தயாரித்தோம். இடப்பக்கம் தோட்டத்துத் தமிழ்: 'நெஞ்ச அடைக்குது', 'குத்துது', 'கிறுகிறுன்னு வருது'. அவற்றின் ஒலிகள் சிங்கள எழுத்தில். வலப்பக்கம் சிங்களம்: 'பப்புவே அமாருவ', 'பப்புவ ஹிர வெனவா'. நெஞ்சைப் பற்றிய எந்தச் சொல் வந்தாலும் பத்து நிமிடத்துள் ஈ.சி.ஜி. என்பது அடியில் தடித்த எழுத்தில். 'அந்தரம்' இப்பகுதிச் சொல் அன்று; ஆயினும் சித்திரை விடுமுறைக்கு வடக்கிலிருந்து பஸ்வண்டிகளில் முதியோர் வருகின்றனர் என்பதால் கடைசி வரியில் அதனையும் சேர்த்தேன். தலைமைத் தாதி அதனை வாய்விட்டு வாசித்துப் பார்த்து, இதற்குச் சிங்களத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். பொருளை விளக்கினேன். அவர் சற்று யோசித்து, "'அந்தராய' போலிருக்கிறதே, சேர்" என்றார். சிங்களத்தில் அதற்கு ஆபத்து என்று பொருள். அப்படியே எழுதிவிடுங்கள் என்றேன்.